மாடுலர் கட்டடத்துக்குப் பணம் திரட்டுவது எப்படி? பள்ளிகளும் மருத்துவமனைகளும் சிறுதொழில்களும் கேட்கும் கேள்விகள்

அறக்கட்டளைப் பள்ளிகள், சிறிய மருத்துவமனைகள், தொழிற்கூடங்கள் ஆகியவற்றின் கணக்கு வழக்குகளைப் பார்ப்பது என் வேலை. "நாலு வகுப்பறை அவசரமாக வேண்டும், செங்கல் கட்டடத்துக்கு ஒரு வருஷம் ஆகும், ப்ரீஃபேப் போடலாமா, பணத்துக்கு என்ன வழி?" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதியது. வரி, சட்ட விஷயங்களில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடுலர் கட்டடம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றிவந்து, இடத்தில் பொருத்தும் கட்டடம் எல்லாமே இதில் அடக்கம். ப்ரீஃபேப் என்று பொதுவாகச் சொல்வதும் இதைத்தான். அப்படியே தூக்கி வைக்கிற போர்ட்டா கேபின், கன்டெய்னர் அலுவலகம் ஒரு வகை. இரும்புச் சட்டமும் சுவர் பேனல்களும் தனித்தனியாக வந்து தளத்தில் போல்ட் போட்டு முடுக்கும் ப்ரீஃபேப் வகுப்பறை, மருத்துவமனை வார்டு இன்னொரு வகை. இந்த வித்தியாசம் கட்டுமானத்தோடு நின்றுவிடுவதில்லை. கடனிலும் வரியிலும் இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்ப்பார்கள்.

பணம் தேடக் கிளம்பும் முன் எதை முடிவு செய்ய வேண்டும்?

இரண்டு விஷயம். இந்தக் கட்டடம் உங்களுக்கு எத்தனை வருஷம் வேண்டும்? அது நிற்கப்போகும் நிலம் யாருடையது?

பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் வரை ஒன்றரை வருஷம் சமாளிக்க வேண்டும் என்றால் வாடகைதான் சரி. பதினைந்து வருஷம் நிற்கவேண்டிய வகுப்பறை, நிலமும் டிரஸ்ட் பெயரில் என்றால் கடனோ நன்கொடையோ வாங்கிச் சொந்தமாகப் போடலாம். ஐந்து வருஷத் தேவை, நிலம் வேறொருவருடையது என்றால் லீஸ். வீண் செலவு செய்து மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் கொட்டேஷன் வாங்கியவர்கள். மூன்று வருஷத் தேவைக்கு ஏழு வருஷக் கடன் வாங்கி, கட்டடம் பூட்டிக் கிடக்கும்போதும் தவணை கட்டிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வருத்தமாக இருந்தது.

செங்கல் கட்டடத்துக்குக் கடன் தரும் வங்கி, ப்ரீஃபேப் என்றதும் ஏன் தயங்குகிறது?

"நாளைக்குத் தவணை நின்றால் நான் எதைப் பிடிப்பது?" என்பதுதான் மேலாளரின் கேள்வி. செங்கல் கட்டடம் நிலத்தோடு ஒட்டியது. நிலப் பத்திரத்தை வங்கியில் வைத்தால் கட்டடமும் சேர்ந்தே அடமானம். ப்ரீஃபேப்பைக் கழற்றிக் கொண்டுபோய்விடலாம். அப்படியானால் அது இயந்திரம் போல அசையும் சொத்தா, கட்டடம் போல அசையாச் சொத்தா?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. செல்பேசிக் கோபுரங்களும் அவற்றின் கருவிகளுக்கான ப்ரீஃபேப் அறைகளும் அசையும் பொருள்தான் என்று பார்தி ஏர்டெல் வழக்கில் 2024 நவம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது. தரையோடு எப்படி இணைத்திருக்கிறார்கள், எதற்காக இணைத்தார்கள், நிரந்தரமாக வைக்கும் எண்ணம் இருந்ததா, சேதமில்லாமல் கழற்றி வேறு இடத்தில் வைக்க முடியுமா, சந்தையில் விற்க முடியுமா என்றெல்லாம் நீதிமன்றம் பார்த்தது. அது ஜிஎஸ்டிக்கு முந்தைய, சென்வாட் என்ற பழைய வரி வரவு முறைக் காலத்து வழக்கு. அப்படியே உங்கள் வகுப்பறைக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் உங்கள் கட்டடம் எந்தப் பக்கம் சாயும் என்று யோசிக்க அந்தக் கேள்விகள் உதவும்.

நடைமுறையில் வங்கி இரண்டில் ஒன்றைச் செய்யும். நிலம் உங்களுடையதாக இருந்தால் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு சாதாரணக் கட்டடக் கடன் போலவே தரும். இல்லையென்றால் லாரி, இயந்திரம் போல ஹைப்பாதிகேஷன் (பொருள் உங்களிடமே இருக்க, அதை வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுப்பது) எழுதி, கூடுதல் ஜாமீன் கேட்கும். இரண்டாவதில் வட்டி கூடும், காலம் குறையும்.

எங்களுடையது அறக்கட்டளை. வங்கிக் கடன் கிடைக்குமா?

கிடைக்கும். முதலில் டிரஸ்ட் டீடை எடுத்துப் படியுங்கள். கடன் வாங்கும் அதிகாரமும், சொத்தை அடமானம் வைக்கும் அதிகாரமும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத டீடுகள் நிறைய. வங்கி வக்கீலின் கண் முதலில் போவது அங்கேதான். அப்புறம் அறங்காவலர் குழுத் தீர்மானம், மூன்று வருட ஆடிட் கணக்கு, வில்லங்கச் சான்று, பட்டா. பெரும்பாலும் அறங்காவலர்களின் சொந்த ஜாமீனும் கேட்பார்கள். கையெழுத்துப் போடுகிறவர் வீட்டில் சொல்லிவிட்டுப் போடட்டும்.

வரிப் பக்கம் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்பது தெரிந்ததுதான். சொந்தப் பணத்தில் கட்டடம் போட்டால் முழுச் செலவும் அந்தக் கணக்கில் வரும். கடன் வாங்கிப் போட்டால் அந்த வருடம் வராது; அசலைத் திருப்பிக் கட்டக் கட்டத்தான் வரும். அதுவும் செலவழித்த நிதியாண்டின் முடிவிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டியதற்குத்தான். ஏழு வருடக் கடன் எடுத்தால் கடைசி வருடங்களில் கட்டும் அசலுக்கு இந்தப் பலன் இல்லை. தவணை கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் ஐந்து வருடத்தில் முடிக்கப் பாருங்கள் என்று டிரஸ்ட்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

ஒரு கணக்கு பார்ப்போம். கட்டடம் 24 லட்சம், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 28 லட்சத்து 32 ஆயிரம். 8 லட்சத்து 32 ஆயிரம் கையிலிருந்து போட்டு, 20 லட்சம் கடன். 11 சதவீதம், 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 43,500 ரூபாய். மொத்த வட்டி 6 லட்சத்துச் சொச்சம். இதைப் பள்ளியின் வரவோடு வைத்துப் பாருங்கள். கட்டணம் ஜூனில் கொட்டும், அப்புறம் ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் வரும், ஏப்ரல் மே காய்ந்துபோகும். மாதத் தவணைக்குப் பதில் கட்டணம் வரும் மாதங்களை ஒட்டிக் காலாண்டுத் தவணை கேளுங்கள். கேட்டால் பல கிளைகள் ஒத்துக்கொள்ளும். கேட்காதவர்களுக்கு மாதத் தவணையைத்தான் போடுவார்கள்.

சப்ளையர் பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறார். வங்கி, வேலை நடந்த அளவுக்குத்தான் தருவேன் என்கிறது. என்ன செய்வது?

மாடுலர் கட்டடத்துக்குக் கடன் வாங்குவதில் உண்மையான சிக்கல் இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

செங்கல் கட்டடத்தில் அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் என்று ஒவ்வொரு கட்டமும் கண்ணுக்குத் தெரியும். வங்கிப் பொறியாளர் வந்து பார்ப்பார், அடுத்த தொகை வெளியே வரும். ப்ரீஃபேப்பில் மதிப்பின் பெரும்பகுதி தொழிற்சாலைக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. உங்கள் இடத்தில் வெறும் பீடம் மட்டும் இருக்கும். பொறியாளர் வந்தால் காட்ட ஒன்றுமில்லை. சப்ளையரோ இரும்பும் பேனலும் வாங்கப் பணம் கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம், வங்கி தயங்குவதும் நியாயம். நடுவில் கைப்பணத்தை எடுத்து அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள்தான் ஆபத்தை முழுதாகத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். சப்ளையர் நொடித்துவிட்டால் உங்களுக்கு ரசீது மட்டும்தான் மிஞ்சும்.

நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு இப்படி இருக்கும். ஆர்டரோடு 20 சதவீதம், அதற்கு ஈடாகச் சப்ளையரின் வங்கியிலிருந்து அட்வான்ஸ் பேங்க் கியாரண்டி, அதாவது சப்ளையர் வேலையைச் செய்யாவிட்டால் அட்வான்ஸை வங்கி தரும் என்ற உறுதி. இரும்புச் சட்டம் முழுதாக வெல்டிங் ஆனபின் தொழிற்சாலையிலேயே ஆய்வு செய்து 30. அனுப்பும் முன் 25. தளத்தில் பொருத்தி மின்சாரம் கொடுத்தபின் 15. மீதி 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் பார்த்தபின் கொடுங்கள். ஐப்பசி மழையில் கூரைப் பேனல் மூட்டுகள் நனையாமல் இருந்தால்தான் அது கட்டடம்.

தொழிற்சாலை ஆய்வுக்கு வங்கிப் பொறியாளரையும் கூட்டிப் போகலாம். கோயம்புத்தூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இருந்தால் ஒரு நாள் வேலை. ஒவ்வொரு சட்டத்திலும் உங்கள் நிறுவனத்தின் பெயரும் வரிசை எண்ணும் எழுதிய தகடு இருக்க வேண்டும். பணம் கட்டிய பொருள் உங்களுக்குச் சொந்தம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த எண்கள் வங்கிக் கோப்பிலும் ஏற வேண்டும். இது மூன்றும் இருந்தால் மேலாளருக்கு "எதைப் பிடிப்பது" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. ப்ரொஃபார்மா இன்வாய்ஸில் (பொருள் தரும் முன் கொடுக்கும் விலைப்பட்டியல்) இந்தக் கட்டங்களை அப்படியே போடச் சொல்லி, கடன் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள். கடன் அனுமதியான பிறகு கட்டங்களை மாற்றச் சொல்லி அலைவது பெரிய பாடு.

வாடகையா, விலைக்கா?

ஒரு அலுவலக கேபினுக்கு விலை 4 லட்சம், மாத வாடகை 14,000 என்று கொட்டேஷன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக் காட்ட நான் எடுத்த எண். 28, 29 மாத வாடகையில் விலை வந்துவிடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டரை வருஷத்துக்கு மேல் தேவை என்றால் வாங்கிவிடலாம்.

ஆனால் வாடகையில் வேறு செலவுகளும் ஒளிந்திருக்கும். கொண்டுவர, திருப்பிக் கொண்டுபோக லாரியும் கிரேனும் யார் செலவு? குறைந்தபட்சம் எத்தனை மாதம்? திருப்பும்போது சுவரில் ஆணி அடித்ததற்கெல்லாம் பிடித்தம் உண்டா? டெபாசிட் எவ்வளவு நாளில் திரும்பும்? வாங்கினாலும் ஏசி, பெயின்ட், துரு என்று பராமரிப்பு உங்கள் தலையில். கட்டுமானத் தள அலுவலகம், தேர்தல் வேலை, வெள்ள நிவாரண முகாம் மாதிரியான தேவைகளுக்கு வாடகையே நல்லது. வாடகைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வாடகை கொடுக்கும்போது நீங்கள் பிடிக்கவேண்டிய வரியான டிடிஎஸ் இயந்திர வாடகை போல 2 சதவீதமா, கட்டட வாடகை போல 10 சதவீதமா என்று ஆடிட்டரிடம் கேட்டுப் பிடியுங்கள்.

லீஸ் என்கிறார்களே, அது வாடகையிலிருந்து எப்படி வேறு?

பெயர் எதுவாக இருந்தாலும் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். காலம் முடிந்ததும் கட்டடம் அவர்களிடமே திரும்பினால் வாடகை மாதிரி. சிறு தொகை கட்டி உங்களுக்கே சொந்தமாகிறது என்றால் அது கடன்தான், பெயர் மட்டும் லீஸ். பெரிய கம்பெனிகள் இந்தியக் கணக்கியல் தரம் 116-இன்படி 2019 ஏப்ரலிலிருந்து பெரும்பாலான லீஸ்களை ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) காட்டியே ஆக வேண்டும். ஆகவே "லீஸ் எடுத்தால் கடன் கணக்கில் வராது" என்று விற்பனையாளர் சொன்னால், உங்கள் நிறுவனத்துக்கு எந்தத் தரம் பொருந்தும் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

சப்ளையரே பைனான்ஸ் ஏற்பாடு செய்கிறார், 8 சதவீதம்தானாம். எடுக்கலாமா?

ஃப்ளாட் ரேட்டா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அசல் குறையக் குறையவும், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி போடுவதுதான் ஃப்ளாட். 20 லட்சத்துக்கு 8 சதவீதம் ஃப்ளாட், 5 வருடம் என்றால் வட்டி 8 லட்சம், தவணை 46,667 ரூபாய். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது 14 சதவீதத்துக்கு மேல். மேலே சொன்ன 11 சதவீத வங்கிக் கடனின் தவணையைவிட மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் கூடுதல். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களின் தவணைக் கடனுக்கு எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிறுதொழில் நிறுவனத்துக்கு ஜாமீன் இல்லாமல் வழி உண்டா?

உண்டு. சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாத நிதியின் கீழ் குறு, சிறு நிறுவனங்களுக்குச் சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கிகள் கடன் தரலாம். உச்சவரம்பு 2023-இல் 5 கோடியாகவும் 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடியாகவும் உயர்ந்தது. உத்தரவாதக் கட்டணம் வருடா வருடம் உண்டு, அதையும் வட்டியோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ப்ரீஃபேப் ஷெட்டை மட்டும் காட்டிக் கேட்பதைவிட, இயந்திரம், ஷெட், நடைமுறை மூலதனம் எல்லாம் ஒரே திட்ட அறிக்கையில் வந்தால் வங்கி இலகுவாகப் பார்க்கும்.

தொழில்களுக்குக் கடன் தரும் மாநில அரசு நிறுவனமான, 1949-இல் தொடங்கிய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்தையும் மறக்க வேண்டாம். சிட்கோ, சிப்காட் மனைகளின் குத்தகை முறை அவர்களுக்குப் பழக்கம். புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. மானியத்துக்கு உச்சவரம்பு 75 லட்சம். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் நடத்தும் தொழில்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் இருக்கிறது. கட்டடச் செலவில் எவ்வளவு மானியக் கணக்கில் சேரும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டுத் திட்ட அறிக்கை போடுங்கள். ஆர்டர் கொடுத்தபின் மானியத்துக்கு அலைவது பல திட்டங்களில் செல்லாது.

சிஎஸ்ஆர் பணம் வாங்க முடியுமா?

சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. கல்வி, மருத்துவம் செய்யும் அறக்கட்டளைகளுக்கு இது நல்ல வழி. நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வாங்குகிறவருக்குச் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்து பெற்ற எண் வேண்டும். வருமான வரியில் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) என்று நாம் சொல்லிப் பழகிய பதிவுகளும் வேண்டும். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தில் இவற்றின் பிரிவு எண்கள் வேறு, விண்ணப்பத்தில் பார்த்துப் போடுங்கள்.

மாடுலர் கட்டடத்துக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. கம்பெனிகள் மார்ச்சுக்குள் செலவைக் காட்ட விரும்புவார்கள். மூன்று மாதத்தில் எழும்பும் கட்டடம் அவர்களுக்கும் பிடிக்கும். செப்டம்பருக்குள் முன்மொழிவை நீட்டுங்கள், பிப்ரவரியில் ஓடாதீர்கள். இப்படி உருவாகும் சொத்து கம்பெனி பெயரில் இருக்க முடியாது என்பது 2021 விதி. பதிவு எண் பெற்ற அறக்கட்டளை, பயனாளிகளின் கூட்டமைப்பு, அரசு அமைப்பு, இவற்றில் ஒன்றின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

பராமரிப்புக்கும் சேர்த்துக் கேளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். காசர்கோடு மாவட்டம் தெக்கிலில் 2020-இல் டாடா குழுமம் 128 கன்டெய்னர் அலகுகளை வைத்து 551 படுக்கை கொண்ட கொரோனா மருத்துவமனையைச் சில மாதங்களில் எழுப்பிக் கேரள அரசிடம் கொடுத்தது. அந்த வேகம் அன்றைக்கு உயிர் காத்தது. தொற்று ஓய்ந்தபின் நோயாளிகள் வருவது நின்றது, சில வருடங்களிலேயே அலகுகள் பழுதாகத் தொடங்கின. கொடுத்தவர் மனம் பெரிது, கொடுத்த பொருளும் நல்லது. ஆனால் அவசரம் தீர்ந்தபின் இந்த இரும்பையும் கூரையையும் யார் பார்த்துக்கொள்வது, எந்தப் பணத்தில் என்பதற்கும் முதல் நாளே பதில் வேண்டும். உங்கள் முன்மொழிவில் ஐந்து வருடப் பராமரிப்பு என்று தனி வரி போடுங்கள். அதற்குக் கம்பெனி தராது என்றால், உங்கள் வருட பட்ஜெட்டில் அந்தத் தொகை இருக்கிறது என்று காட்டுங்கள். அப்படிக் காட்டுகிறவர்கள் மேல் கம்பெனிக்கு நம்பிக்கை கூடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அரசுப் பள்ளிக்கு நாங்கள் கட்டிக்கொடுக்க நினைக்கிறோம்.

2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" அமைப்பு வழியாகப் போங்கள். முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் கொடுக்கும் பணத்துக்கு முறையான ரசீதும் கணக்கும் அங்கே உண்டு. ஊர்மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் "நமக்கு நாமே" திட்டமும் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கவும் தயங்க வேண்டாம். எந்த வழியானாலும், ப்ரீஃபேப் கட்டடத்தைப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஏற்றுக்கொள்வாரா என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

நன்கொடை, வெளிநாட்டுப் பணம்?

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடுப்பவருக்கு வரிச் சலுகை இல்லை. வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கும் கட்டாயம். "ஒரு வகுப்பறைக்கு ஒரு குடும்பம்" என்று பிரித்துக் கேட்பது மாடுலர் கட்டடத்தில் எளிது. அலகு அலகாகத்தானே வருகிறது.

ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியுமா?

பள்ளியும் மருத்துவமனையும் முடியாது. அவர்களுடைய சேவைக்கே வரிவிலக்கு உள்ளதால், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு அவர்களுக்குக் கிடையாது. 18 சதவீதமும் செலவுதான். கொட்டேஷனை எப்போதும் வரி சேர்த்தே ஒப்பிடுங்கள். வரி கட்டும் தொழில் நிறுவனத்துக்கு அசையாச் சொத்துக் கட்டுமானத்தில் வரவு தடை, அசையும் பொருளில் இல்லை. மறுபடியும் அதே அசையும், அசையாக் கேள்வி.

தேய்மானமும் அப்படியே. கட்டடம் என்றால் 10 சதவீதம், இயந்திரம் என்றால் 15, முற்றிலும் தற்காலிகக் கட்டுமானம் என்றால் 40 என்பது நாம் இதுவரை பார்த்துவந்த விகிதம். கான்கிரீட் பீடத்தில் இருபது வருடத்துக்கு நிறுத்திவிட்டுத் தற்காலிகம் என்று 40 எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. வங்கியிடம் கட்டடம், வரித்துறையிடம் தற்காலிகம் என்று இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னால் ஒரு நாள் இரண்டு காகிதமும் ஒரே மேஜைக்கு வரும்.

நிலம் எங்களுடையது இல்லை.

நில உரிமையாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் எந்த வங்கியும் நகராது. கட்டடம் உங்களுடையது, குத்தகை முடிந்ததும் கழற்றி எடுத்துப்போகலாம் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். குத்தகைக் காலம் கடன் காலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்தை வைத்து ஐந்து வருடக் கடன் கேட்டால் கோப்பு அங்கேயே நிற்கும். கோயில் நிலம் என்றால் 5 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும்.

பணம் கேட்டால் தீயணைப்புச் சான்று பற்றி ஏன் பேசுகிறார்கள்?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஊரைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். அதனால் சான்றுகளை வெறும் சம்பிரதாயம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. தனியார் பள்ளிக்குக் கட்டட உறுதி, கட்டட உரிமம், சுகாதாரம், தீயணைப்பு ஆகிய நான்கு சான்றும் இல்லாமல் அங்கீகாரம் புதுப்பிக்க முடியாது. அங்கீகாரம் போனால் வரவு போகும், தவணை நிற்கும். வங்கி கேட்பது இதனால்.

விலை குறைவு என்று பஃப் பேனல் சுவர் எடுக்கிறார்கள். நடுவில் இருப்பது பாலியூரித்தேன் நுரை. வெயிலை நன்றாகத் தடுக்கும், ஆனால் தீப்பிடித்தால் அடர்ந்த நச்சுப்புகை கிளம்பும். குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கும் இடத்துக்கு ராக்வுல் (பாறை இழை) பேனல் கேளுங்கள், அது எரியாது. விலை கூடும். கூடும் தொகையைக் கடனில் சேர்த்துக் கேளுங்கள், வேறு எதிலாவது குறைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு எடுக்கும்போதும் பேனல் வகையை உள்ளபடி எழுதுங்கள்.

கொட்டேஷனில் வராத செலவு என்னென்ன?

ஒரு பள்ளிக்கு நான்கு அலகுகள் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். காலை ஆறு மணிக்கு டிரெய்லர் தெருமுனையில் நின்றுவிட்டது. வளைவில் திரும்ப இடமில்லை. மேலே மின்கம்பி, பக்கத்தில் ஒரு வேப்பமரக் கிளை. மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தி, கிளையை வெட்டி, பெரிய கிரேனைத் தேடி வரவழைத்து, அலகுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து முடிக்க இரவு பதினொன்று. தலைமையாசிரியை அன்று முழுக்க வாசலிலேயே நின்றார். கிரேனுக்கும் கூடுதல் நாள் வாடகைக்கும் ஆன பணம் கடனில் இல்லை. ஆசிரியர் சம்பளத்துக்கு வைத்திருந்ததிலிருந்துதான் போனது.

அதனால் பீடம், கிரேன், லாரி, மின் இணைப்பு, கழிவுத் தொட்டி, சாய்தளம், மழைநீர் வடிகால், திட்ட அனுமதிக் கட்டணம் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி மொத்தத் திட்டச் செலவாகக் காட்டிக் கடன் கேளுங்கள். ஆர்டருக்கு முன் சப்ளையரின் ஆளையும் கிரேன்காரரையும் கூட்டிவந்து பாதையை அளக்கச் சொல்லுங்கள். அலகு 40 அடி நீளம் என்றால் திரும்பும் இடத்தில் 40 அடி கயிறு பிடித்துப் பாருங்கள்.

கடன் முடியும் முன் கட்டடத்தை வேறு இடத்துக்கு மாற்றலாமா, விற்கலாமா?

வங்கியின் எழுத்துபூர்வ அனுமதியோடு மாற்றலாம். ஹைப்பாதிகேஷன் ஆவணத்தில் கட்டடம் இருக்கும் முகவரி எழுதியிருக்கும், அதைத் திருத்த வேண்டும். காப்பீட்டிலும் திருத்த வேண்டும். கம்பெனி என்றால் கம்பெனிப் பதிவாளரிடம் பதிந்த சார்ஜ் (சொத்தின் மேல் வங்கிக்கு உள்ள பிடிமானம்) விவரத்தையும் பாருங்கள். சிஎஸ்ஆரில் வந்த கட்டடம் என்றால் கொடுத்த கம்பெனியிடம் முதலில் பேசுங்கள்.

விற்பதென்றால், பேனலைவிட இரும்புச் சட்டத்துக்குத்தான் விலை. துரு ஏறாத சட்டமும், சரியாகக் கழற்றும் போல்ட் இணைப்பும், தொழிற்சாலை கொடுத்த வரைபடமும் இருந்தால் வாங்குகிறவர் கட்டடமாகப் பார்ப்பார். வரைபடம் தொலைந்திருந்தால் கிலோ கணக்கில் பழைய இரும்பாகத்தான் கேட்பார். அந்த வரைபடத்தை நிலப் பத்திரம் வைத்திருக்கும் அதே பீரோவில் வையுங்கள்.